47 ஸ்குரூவைக் கழற்றியது ஒரு ஷிப்டு. மாட்டாமல் விட்டது மறு ஷிப்டு! விமானம் விழுந்து 14 பேர் பலி!

விமானத்தைப் பழுது பார்ப்பதில் யாருக்கு என்ன வேலை? தப்பு நடந்தால் மாட்டுவது யார்?

ஒரு விமானத்தின் வாலில் 47 ஸ்குரூவைக் காணோம். கழற்றியவர்கள் திருடர்கள் அல்ல. பழுது பார்க்கும் ஊழியர்கள்! வேலை நேரம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. காலையில் விமானம் கிளம்பியது. 14 பேர் செத்தார்கள்.

இது நடந்தது அமெரிக்காவில். 1991-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11-ந் தேதி.

பல்லாவரத்திலும் பம்மலிலும் இருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிது அல்ல. மீனம்பாக்கத்தில் விமானம் பத்திரமாக இறங்கினால், "பைலட்டு கெட்டிக்காரர்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் அந்த விமானத்துக்குப் பின்னால், முகம் தெரியாத ஒரு பெரிய கூட்டமே வேலை செய்கிறது. அதில் ஆளுக்கு ஒரு வேலை. ஒருவர் வேலையை மற்றவர் தொட முடியாது.

அந்தக் கூட்டத்தில் யார் யார்? அவர்களுக்குள் எங்கே ஓட்டை விழுகிறது?

கொலை வழக்கு மாதிரி

ஒரு வீட்டில் கொலை நடந்தால் போலீசில் என்ன செய்வார்கள்? கைரேகை நிபுணர் வருவார். போட்டோ எடுப்பவர் வருவார். மோப்ப நாய் வரும். பிணத்தை டாக்டர் அறுத்துப் பார்ப்பார். ரத்தக் கறை படிந்த துணி ஆய்வுக் கூடத்துக்குப் போகும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து, இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு, கோர்ட்டுக்கு அனுப்புவார்.

கைரேகை பார்ப்பவர் பிணத்தை அறுக்க முடியாது. டாக்டர் நாயைப் பிடித்துக் கொண்டு ஓட முடியாது.

விமானமும் இதே மாதிரிதான்.

முதலில் இரண்டு பெரிய பிரிவு. ஒன்று, விமானம் நிற்கிற இடத்திலேயே வேலை பார்க்கும் பிரிவு. "லைன்" வேலை என்பார்கள். இன்னொன்று, கொட்டகைக்குள் கொண்டு போய்ப் பிரித்து மேய்கிற பிரிவு. இது "பேஸ்" வேலை.

லைன் ஆட்களுக்கு நேரம் கிடையாது. விமானம் வந்து நின்று, பயணிகள் இறங்கி, வேறு பயணிகள் ஏறிக் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும். விமானத்தைச் சுற்றி வருவார்கள். டயர் தேய்ந்திருக்கிறதா? பிரேக் எப்படி? எண்ணெய் ஒழுகுகிறதா? பறவை அடித்த அடையாளம் உண்டா? எல்லாம் பார்ப்பார்கள்.

டயர் என்றால் சும்மா இல்லை. கார் டயரில் காற்று சுமார் 30 பவுண்டு அழுத்தம். ஏர்பஸ் ஏ-320 மாதிரி விமானத்தின் டயரில் சுமார் 200 பவுண்டு! அதுவும் சாதாரணக் காற்று அல்ல. நைட்ரஜன். இதில் ஈரம் இருக்காது. பிரேக் சூட்டில் தீயும் பிடிக்காது.

கொட்டகைக்குள்

கொட்டகை வேலைக்கு எழுத்து வரிசையில் பெயர் வைத்திருக்கிறார்கள். சில நூறு மணி நேரம் பறந்ததும் "ஏ" சோதனை. சுமார் 2 ஆண்டுக்கு ஒரு முறை "சி" சோதனை. 6 ஆண்டிலிருந்து 12 ஆண்டுக்குள் பெரிய சோதனை. அதில் நாற்காலி, கம்பளம், சுவர்ப் பலகை எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். விமானம் வெறும் கூடாக நிற்கும். வாரக் கணக்கில் வேலை நடக்கும்.

அங்கே யார் யார் இருப்பார்கள்?

மெக்கானிக்கல் பிரிவு: எஞ்சின், சக்கரம், இறக்கையை அசைக்கும் இயந்திரம் இவர்கள் பொறுப்பு.

ஏவியானிக்ஸ் பிரிவு: ரேடியோ, ரேடார், வழி காட்டும் கருவி, தானாக ஓட்டும் கருவி இவர்களுடையது. விமானத்தின் மூளையும் நரம்பும் இவர்கள் கையில்.

தகடு வேலைப் பிரிவு: உடம்பில் நசுங்கல், விரிசல் இருந்தால் வெட்டி ஒட்டுப் போட்டு ரிவிட் அடிப்பவர்கள்.

உடைக்காமல் சோதிக்கும் பிரிவு: இவர்கள் விமானத்துக்கு ஸ்கேன் எடுப்பவர்கள். எக்ஸ்ரே உண்டு. ஒலி அலை உண்டு. இன்னொரு முறையில் சாயத்தைத் தடவி, துடைத்துவிட்டு, அதன் மேல் பவுடர் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் கோடாக வெளியே வரும். குற்றவாளி தானாக வந்து சரண் அடைகிற மாதிரி!

கேபின் பிரிவு: நாற்காலி, பெல்ட், உயிர் காக்கும் சட்டை, ஆபத்தில் கீழே விழும் ஆக்சிஜன் முகமூடி. கக்கூசும் இவர்கள் தலையில்தான்.

இது தவிர வெளியே பட்டறைகள் தனி. எஞ்சினைக் கழற்றி அனுப்பினால், எஞ்சின் பட்டறையில் வேறு ஆட்கள். சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் ஒரு பட்டறை. நம் ஊர் அப்துல் கலாம்கூட, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் படிப்பு முடித்ததும், பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்சில் பயிற்சிக்குச் சேர்ந்து, எஞ்சினைப் பிரித்துச் சரி செய்யும் குழுவில் வேலை பார்த்தவர்தான்.

கையில் ஸ்பேனர் பிடிக்காதவர்களும் உண்டு. எந்த வேலையை எந்த நாளில் செய்வது என்று திட்டம் போட்டு, வேலைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பவர்கள் ஒரு பக்கம். சாமான் கிடங்கு ஒரு பக்கம். ரிக்கார்டு எழுதிப் பூட்டி வைப்பவர்கள் ஒரு பக்கம். எல்லாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு இன்னொரு பக்கம்.

யார் கையெழுத்து?

இந்தியாவில் இதற்கு லைசென்சு கொடுப்பது டெல்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம். 12-ம் வகுப்பில் கணக்கு, பௌதிகம், ரசாயனம் படித்தவர்கள் இதற்கான பயிற்சியில் சேரலாம். பரீட்சையும் உண்டு, வேலை அனுபவமும் வேண்டும்.

லைசென்சில் வகை உண்டு. "ஏ" வகைக்காரர் சின்னச் சின்ன லைன் வேலைகளுக்கு, அதுவும் தன் கையால் செய்த வேலைக்கு மட்டுமே கையெழுத்துப் போடலாம். "பி-1" மெக்கானிக்கல் எஞ்சினியர். "பி-2" ஏவியானிக்ஸ் எஞ்சினியர். கொட்டகையில் பெரிய சோதனை முடிந்ததும், இவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, முழு விமானத்தையும் விடுவிப்பவர் "சி" வகைக்காரர்.

லைசென்சு இல்லாத டெக்னீஷியன்களும் வேலை செய்வார்கள். ஆனால் அவர்கள் விமானத்தை விடுவிக்க முடியாது. கையெழுத்து லைசென்சுகாரருடையது. கம்பியும் அவருக்குத்தான், காசும் அவருக்குத்தான்!

பைலட்டுக்கு ஒரு குறை தெரிந்தால் விமானத்தில் உள்ள டெக்னிக்கல் நோட்டில் எழுதுவார். இது போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுகிற மாதிரி. எஞ்சினியர் அதைச் சரி செய்து, என்ன செய்தேன் என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புகாரைக் கிழித்துப் போடுகிற வேலை எல்லாம் நடக்காது.

சில குறைகளை உடனே சரி செய்ய வேண்டியது இல்லை. அதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. குறையின் வகையைப் பொறுத்து 3 நாள், 10 நாள், 120 நாள் என்று கெடு. கெடு முடிந்தால் விமானம் கிளம்பக் கூடாது.

அந்த ராத்திரி

இத்தனை கட்டுக்காவல் இருந்தும் 47 ஸ்குரூ எப்படிப் போயிற்று?

கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் விமானம் அது. பிரேசில் நாட்டில் செய்த எம்பிராயர் பிரேசிலியா ரகம். அதன் வால் "ட" எழுத்தைப் போல் அல்ல. கம்பத்தின் உச்சியில் குறுக்குப் பலகை வைத்த மாதிரி உயரத்தில் இருக்கும். அந்தப் பலகையின் முன் விளிம்பில், பனி ஒட்டாமல் தடுக்கும் ரப்பர் உறை உண்டு. அதை மாற்ற வேண்டும். இடம், ஹூஸ்டன் நகரக் கொட்டகை.

சாயங்கால ஷிப்டு வேலையைத் தொடங்கியது. வேலை சரியா என்று பார்க்க வேண்டிய இன்ஸ்பெக்டரும் ஒத்தாசைக்கு மேலே ஏறினார். வலது பக்க மேல் ஸ்குரூக்களைக் கழற்றினார்கள். இடது பக்க மேல் ஸ்குரூக்களையும் கழற்றினார்கள். பிறகுதான், ஒரு பக்கத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று தெரிந்தது. "இடது பக்கத்தை வேறு நாள் பார்த்துக் கொள்ளலாம்" என்று முடிவானது.

ஆனால் இடது பக்கத்தில் 47 ஸ்குரூ ஏற்கனவே வெளியே இருந்தது!

ஷிப்டு மாறியது. இந்த விஷயம் வேலைச் சீட்டில் ஒழுங்காக ஏறவில்லை. வாய் வார்த்தையாகச் சொன்னது, வேலையை முடிக்க வந்தவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. ராத்திரி ஷிப்டு வலது பக்கத்தை ஒழுங்காக முடித்தது. இடது பக்கத்தை யாரும் தொடவில்லை. கீழ்ப் பக்க ஸ்குரூக்கள் அப்படியே இருந்தன. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காலையில் அந்த விமானம் லாரிடோ என்ற ஊருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும்போது ஈகிள் லேக் என்ற ஊர் அருகே, இறங்கத் தொடங்கிய நேரத்தில், வாலின் இடது முன் விளிம்பு பிய்த்துக் கொண்டது. விமானம் தலைகுப்புறப் பாய்ந்து ஆகாயத்திலேயே சிதறியது. பயணிகள் 11 பேர், ஊழியர்கள் 3 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

இதில் யாரும் சோம்பேறி இல்லை. யாரும் குடித்திருந்ததாகவும் சொல்லவில்லை. இரண்டு ஷிப்டும் வேலை செய்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி எழுதாமல் போயிற்று.

போலீஸ் நிலையத்தில் பாரா மாறும்போது என்ன செய்வார்கள்? லாக்கப்பில் எத்தனை பேர், துப்பாக்கி எத்தனை என்று எண்ணிக் காட்டி, டைரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொண்டுதான் பழைய பாரா இறங்குவார். அந்தக் கொட்டகையில் நடக்காமல் போனது அந்த எண்ணிக்கைதான்.

விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழுவில் ஜான் லாபர் என்பவர் ஓர் உறுப்பினர். அவர் மற்றவர்களோடு முழுவதும் ஒத்துப் போகவில்லை. மெக்கானிக்குகளை மட்டும் சொல்லி என்ன பயன், ஒழுங்கு முறையை வளர்க்காத நிர்வாகத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று தனியாக எழுதினார்.

ஒரே ஆள் செய்தால்?

"பல பேர் கை வைத்ததால்தானே வினை? ஒரே ஆளிடம் விட்டுவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. இங்கிலாந்தில்!

1990-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் பர்மிங்காமில் இருந்து ஸ்பெயினுக்குக் கிளம்பியது. 17 ஆயிரத்து 300 அடி உயரத்தில், கேப்டன் டிம் லங்காஸ்டர் எதிரே இருந்த கண்ணாடி பிய்த்துக் கொண்டு போயிற்று. கேப்டனையும் காற்று இழுத்தது. இடுப்பு வரை வெளியே! கால் மட்டும் உள்ளே! கேபின் ஊழியர் நைஜல் ஆக்டன் பாய்ந்து அவரைப் பிடித்துக் கொண்டார். துணை பைலட்டு அலஸ்டர் அட்சிசன் சவுத்தாம்டனில் விமானத்தை இறக்கினார். 87 பேரும் பிழைத்தார்கள். செத்துவிட்டார் என்று நினைத்த கேப்டனும் பிழைத்தார்.

காரணம்? முந்தின நாள் அதிகாலையில்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் ஷிப்டு மானேஜர். தன்னந்தனியாகச் செய்தார். பழைய போல்ட்டையும் புதிய போல்ட்டையும் கண்ணால் பார்த்து அளவு பொருத்தினார். கிடங்கில் இருந்தவர் சரியான நம்பரைச் சொன்னார். மானேஜர் காதில் போட்டுக் கொள்ளவில்லை. வெளிச்சம் குறைவான இன்னொரு இடத்தில் தேடி எடுத்தார். கிட்டத்தில் பார்க்க அவருக்குக் கண்ணாடி தேவை. அன்று அதைப் போடவில்லை.

90 போல்ட்டில் 84 போல்ட்டு ஒல்லி. வித்தியாசம் ஒரு மில்லி மீட்டர்கூட இல்லை. மீதி 6 போல்ட்டு நீளம் குறைவு.

வேலை செய்தவரும் அவரே. சரி என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று அந்த வேலைக்கு விதி இல்லை. புகார் கொடுத்தவரே விசாரித்து, அவரே தீர்ப்பும் சொன்ன கதை!

ஆக, பல பேர் செய்தால் தகவல் தவறுகிறது. ஒருவரே செய்தால் தவறு வெளியே தெரிவதில்லை. அதனால்தான் வேலையைப் பிரிக்கவும் வேண்டும், பிரித்ததைக் கோர்க்கவும் வேண்டும் என்கிறார்கள். விமானத்தைத் திருப்பும், ஏற்றி இறக்கும் கருவிகளில் கை வைத்தால், ஒருவர் செய்ததை இன்னொருவர் தனியாகச் சோதித்து, இரண்டு கையெழுத்து விழ வேண்டும்.

எஞ்சினுக்கும் ஒரு பாடம் உண்டு. 1983-ம் ஆண்டு மே 5-ந் தேதி அமெரிக்காவின் மியாமியில் இருந்து கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் 3 எஞ்சினிலும் எண்ணெய் ஒழுகியது. முந்தின ராத்திரி 3 எஞ்சினிலும் ஒரே வேலை. மூன்றிலும் ரப்பர் வளையத்தைப் போடாமல் விட்டிருந்தார்கள்! நிறுத்தி வைத்த ஓர் எஞ்சினை மறுபடி ஓட்டி எப்படியோ இறங்கினார்கள். 172 பேரும் தப்பினார்கள். ஒரு விமானத்தின் எல்லா எஞ்சினிலும் ஒரே வேலையை ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது என்று எச்சரிக்கையாக இருப்பது இதனால்தான்.

காணாமல் போன கருவி

கருவிகளுக்கும் பாரா உண்டு. பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் வடிவமும் வரைந்திருக்கும். மாட்டினால் வடிவம் மறையும். மாட்டாவிட்டால் "நான் எங்கே?" என்று கேட்கிற மாதிரி தெரியும். வேலை முடிந்ததும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் விமானத்தை விடக் கூடாது.

ஆனாலும் 2023-ம் ஆண்டு டிசம்பரில், குவாண்டாஸ் கம்பெனியின் ராட்சத ஏ-380 விமானத்தின் எஞ்சினுக்குள் ஒன்றேகால் மீட்டர் நீள நைலான் கருவியை வைத்துவிட்டார்கள். கருவி இல்லை என்பதை முறைப்படி தேடி முடிக்காமலே விமானத்தை விடுவித்தார்கள். அது சுமார் 294 மணி நேரம் பறந்தது. 2024 ஜனவரி 1-ந் தேதி அடுத்த சோதனையில்தான் அகப்பட்டது. நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

கோர்ட்டுக்குப் போன கையெழுத்து

எல்லாருக்கும் நல்ல வேளை வாய்ப்பதில்லை. 1996-ம் ஆண்டு மே 11-ந் தேதி மியாமியில் இருந்து கிளம்பிய வேல்யூஜெட் விமானம் தீப்பிடித்துச் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரும் பலி.

தீ எங்கே பிடித்தது? சரக்கு அறையில். வேறு விமானங்களில் இருந்து கழற்றிய பழைய ஆக்சிஜன் குப்பிகள் 100-க்கு மேல் அதில் இருந்தன. குப்பி வெடிக்காமல் இருக்க பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். மூடி கையிருப்பில் இல்லை. ஆனால் வேலை முடிந்ததாகச் சீட்டில் கையெழுத்து மட்டும் விழுந்தது! கழற்றிய பிரிவுக்கும் கிடங்குக்கும் நடுவே தகவல் மாறி, "காலிக் குப்பி" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பழுது பார்த்த கம்பெனி மீது 1999-ல் கிரிமினல் வழக்கு வந்தது. புளோரிடா மாநிலத்தில் கொலைக் குற்றச்சாட்டே பதிவானது. பிறகு அந்தக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. தனியாக நடந்த மத்திய அரசு வழக்கில், விசாரணைக்கு நின்ற 2 ஊழியர்களை ஜூரிகள் விடுவித்தார்கள். ஆனால் ஒரு கையெழுத்து எதுவரை இழுத்துக் கொண்டு போகும் என்று உலகம் பூராவும் மெக்கானிக்குகள் பார்த்துக் கொண்டார்கள்.

நமக்கு என்ன?

விமானம் தாமதம் என்றதும் கவுண்டரில் போய்ச் சண்டை போடுகிறோம். "டெக்னிக்கல் கோளாறு" என்றால் சால்ஜாப்பு என்று நினைக்கிறோம். சில சமயம் சால்ஜாப்பாகவும் இருக்கலாம். ஆனால் பல சமயம், கீழே ஒரு எஞ்சினியர் பேனாவை மூடி வைத்துக் கொண்டு, "பார்க்காமல் போட மாட்டேன்" என்று நிற்கிறார் என்று அர்த்தம். அவரை யாரும் அவசரப்படுத்தாமல் இருப்பது, டிக்கெட் வாங்கியவர்களுக்குத்தான் நல்லது.

ஊர் மக்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோ மீட்டருக்குள், பறவை கூடும்படி ஆடு மாடு அறுப்பதும் குப்பை கொட்டுவதும் தடை. கோழிக் கழிவைச் சாலை ஓரத்தில் வீசினால் பருந்து வரும். பருந்து எஞ்சினில் புகுந்தால், உள்ளே குழாய்க் கேமரா விட்டுத் தகடு தகடாகப் பார்க்க வேண்டும். அதுவரை விமானம் நிற்கும்.

விமானக் கூலி எத்தனை ஆயிரமோ தெரியாது. ஆனால் அந்த அமெரிக்க விமானத்தை விழ வைத்தது ஓட்டை எஞ்சினும் அல்ல, புயலும் அல்ல. "இடது பக்கம் ஸ்குரூ கழற்றியிருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதை எழுத அரை நிமிடம்கூட ஆகாது.